முதலில் எது?

1976-ஆம் ஆண்டு, பார்வையிழப்புக்கு எதிராக இந்தியாவில் இரண்டு இலக்குகள் பிறந்தன. ஒன்று டெல்லியில். மக்கள்தொகையில் 1.4 சதவீதமாக இருந்த பார்வையிழப்பை 0.3 சதவீதத்துக்குக் கொண்டுவருவது என்று மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. இன்னொன்று மதுரையில். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய இலக்கில் சதவீதமும் கெடுவும் கிடையாது. தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய காரணத்தால் யாரும் பார்வையில்லாமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அந்த 11 படுக்கை மருத்துவமனைதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சேலம், சென்னை, திருப்பதி என்று கிளைவிட்டு, ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை மற்றும் லேசர் சிகிச்சைகளைச் செய்கிறது. அவற்றில் பாதிக்கும் மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. இலவசப் பிரிவா, கட்டணப் பிரிவா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

‘டாக்டர் வி’ என்று ஊர் அழைத்த அந்த மனிதரின் கருணையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவரை ஒரு மேலாளராகப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-லேயே பார்த்துவிட்டது. பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் எழுதிய அரவிந்த் ஆய்வு உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் படிக்கப்படுகிறது. ஏப்ரல் வந்தால் பன்னிரண்டு வரி டார்கெட் பட்டியலோடு அப்ரைசலுக்கு உட்காரும் நம்மூர் மேலாளர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளில் அவர் தன் இலக்கை ஒருமுறைகூட மாற்றவில்லை. ஆனால் அன்றைக்கு எது முதல் வேலை என்பதைத் திரும்பத் திரும்ப மாற்றினார்.

ஏன் கண்புரை?

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வெங்கடசாமி. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக விரும்பினார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த சில ஆண்டுகளில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்க முடியாது என்று ஆனதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களுக்கு ஏற்ப மெல்லிய கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட இலக்கு பெரியது. பார்வையிழப்புக்குக் காரணங்கள் பல: கண்புரை, கண் நீர் அழுத்தம், விழித்திரை நோய், கருவிழிப் புண், வைட்டமின் ஏ பற்றாக்குறை, கண்ணாடி போடாமல் விட்ட சாதாரணக் குறை. எல்லாமே முக்கியம். எல்லாவற்றிலும் நிபுணர்கள் தேவை. புதிதாகப் பொறுப்பேற்கும் எந்த மேலாளருக்கும் வரும் ஆசை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவது. டாக்டர் வி கண்புரையை முதலில் வைத்தார். இந்தியாவில் பார்வையிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கண்புரையால் இழந்தவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேலாளர்கள் கவனிக்க வேண்டியது. கண் நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். கண்புரையில் முழுமையாகப் போன பார்வையையும் ஒரே அறுவையில் மீட்கலாம். ஒரு மருத்துவர் செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு வேறெந்தக் கண் நோயிலும் இத்தனை பேருக்குப் பார்வை கிடைக்காது.

மற்ற நோய்களை அவர் கைவிடவில்லை. விழித்திரைக்கும் கருவிழிக்கும் சிறப்புப் பிரிவுகள் வளர்ந்தன. ஆனால் பணமும் ஆளும் நேரமும் போட்டி போடும்போது எதற்கு முதல் உரிமை என்பதில் குழப்பம் இல்லை. முன்னுரிமை என்பதற்கு நடைமுறைப் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்: இரண்டு நல்ல வேலைகள் ஒரே ஆளைக் கேட்கும்போது, யாரிடமும் கேட்காமலே அந்த ஆளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரின் நிமிடங்கள்

தொடக்கத்தில் தடையாக இருந்தது பணம். வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்தின் நகைகளை அடகு வைத்துத்தான் கட்டடம் எழுந்தது. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே வேலைக்கு வந்தது. கட்டணம் செலுத்துவோரின் வருவாய் இலவசப் பிரிவையும் தாங்கத் தொடங்கியதும் அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்தது: அறுவை மருத்துவரின் நேரம்.

கட்டடத்தை ஓராண்டில் கட்டிவிடலாம். நல்ல கண் அறுவை மருத்துவரை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். அப்படியிருக்க, அந்த மருத்துவர் நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பார்வை அளவு பார்க்கிறார், கண் அழுத்தம் அளக்கிறார், நோயாளிக்கு விளக்கம் சொல்கிறார், மருந்து எழுதுகிறார், அடுத்த நோயாளியை மேசைக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்கிறார். அவரால் மட்டுமே முடிகிற வேலை இவற்றில் மிகக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தைத் தனியே பிரித்தெடுத்ததுதான் அரவிந்தின் பெரிய நிர்வாகச் சாதனை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை, அளவீடு, ஆலோசனை, அறுவைக்கான தயாரிப்பு எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. இன்று அந்த மருத்துவமனையின் ஊழியர்களில் பெரும்பகுதியினர் அவர்கள்தான். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் உலகெங்கும் ஒரே தரத்தில், ஒரே முறையில் இயங்குவதைப் பார்த்து வியந்ததை டாக்டர் வி பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தியாவில் ஒரு கண் அறுவை மருத்துவர் சராசரியாக ஆண்டுக்குச் சில நூறு அறுவைகள் செய்துவந்த காலத்தில், அரவிந்த் மருத்துவர்கள் 2,000 வரை செய்தார்கள்.

வேகம் கூடினால் தரம் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. அங்கே ஒவ்வொரு மருத்துவரின் அறுவையிலும் ஏற்படும் சிக்கல்கள் பதிவாகின்றன, பேசப்படுகின்றன. எண்ணிக்கை இலக்கை நோக்கி ஓடும்போது தரத்தின் கணக்கும் பக்கத்திலேயே ஓடியது. இரண்டாவது கணக்கு இல்லாமல் முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொள்வது ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வராத நோயாளிகள்

மருத்துவரின் நேரம் விடுபட்டதும் தடை இன்னோர் இடத்துக்கு நகர்ந்தது. மேசைகள் தயார், ஆட்கள் தயார். நோயாளிகள் வரவில்லை. அறுவை இலவசம் என்று சொல்லியும் வரவில்லை.

இங்கேதான் பல மேலாளர்கள் தவறுவார்கள். ‘நம் பங்கை நாம் செய்துவிட்டோம், மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டு, விளம்பரத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குவார்கள். அரவிந்த் அதைத் தன் அறுவை அரங்கின் சிக்கலைப் போலவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. 1980-களில் 90 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. நோயாளியை அறுவைக்கு வரவைக்க எட்டு வகையான வழிகளைக் கிராமங்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போக்குவரத்தும் உணவும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் கூடுதலாக வந்தார்கள். ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதற்கும் நல்ல பலன் இருந்தது. பிறகு 1999-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்தவர்களில் ஊரில் நடந்த கண் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான் என்று காட்டியது.

யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. கண் தெரியாத பாட்டி தனியாகப் பஸ் ஏற முடியாது. கூட்டிப்போகும் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். மதுரையில் தங்கினால் சாப்பாட்டுச் செலவு. அறுவடை நேரமாக இருந்தால் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள். ‘இந்த வயசுல இனி என்னத்தப் பாக்கப்போறோம்’ என்ற சலிப்பு வேறு. அறுவைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது நோயாளியின் மொத்தச் செலவில் ஒரு பகுதியைத்தான் தள்ளுபடி செய்கிறது.

முகாமின் அமைப்பே மாறியது. பள்ளிக்கூடக் கட்டடங்களில் அறுவை செய்யும் பழைய முகாம் முறை போய், ஊரில் பரிசோதனை மட்டும் நடந்தது. அறுவை தேவைப்படுவோரை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். தங்க இடம், உணவு, திரும்பிப் போகப் பஸ் எல்லாம் ஏற்பாடு. விளம்பரத்தையும் செலவின் ஒரு பகுதியையும் உள்ளூர் அரிமா சங்கமோ, ஆலையோ, தொண்டு அமைப்போ ஏற்றது. ஒரே ஊரிலிருந்து இருபது பேர் சேர்ந்து போகும்போது பயமும் குறைகிறது. இந்த வேலைகளில் மருத்துவம் மிகக் குறைவு, போக்குவரத்தும் சமையலும் அதிகம். ஆனாலும் அந்த ஆண்டுகளில் இதுதான் முதல் வேலை.

சோடாபுட்டிக் கண்ணாடி

அந்தக் காலத்துக் கண்புரை அறுவை முடிந்தவர்களை நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் நினைவிருக்கும். புரையோடு கண்ணின் லென்ஸையும் முழுதாக எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடி. அது நேராகப் பார்ப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், பக்கவாட்டில் எதுவும் சரியாகத் தெரியாது. உடைந்தால் அல்லது தொலைந்தால் அந்த மனிதர் மறுபடியும் பார்வையற்றவர். வயல் வரப்பில் நடப்பவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் கண்ணாடி உடையாமல் எத்தனை நாள் இருக்கும்?

எதை அளக்கிறோம் என்ற கேள்வி இங்கே தலைதூக்குகிறது. அறுவைகளின் எண்ணிக்கைதான் இலக்கு என்றால், கண்ணாடியோடு அனுப்பிய ஒவ்வொருவரும் ஒரு வெற்றி. பார்வைதான் இலக்கு என்றால், கண்ணாடி உடைந்த நாளில் அந்த வெற்றி கணக்கிலிருந்து கழிந்துவிட வேண்டும். எண்ணிக்கைப் பதிவேட்டில் அப்படிக் கழிப்பதற்குக் கட்டமே இருக்காது.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை பணக்கார நாடுகளில் பரவிவிட்டிருந்தது. ஒரு லென்ஸின் விலை நூறு டாலரை ஒட்டி. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, அதே பணத்தில் பழைய முறையில் இன்னும் பலருக்கு அறுவை செய்யலாம் என்று பல நிபுணர்கள் வாதிட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த வாதம் வலுவானதுதான். டாக்டர் வி ஏற்கவில்லை. சேவா அறக்கட்டளையின் உதவியோடு, அமெரிக்கச் சமூகத் தொழில்முனைவோர் டேவிட் கிரீன் முன்னின்று உழைக்க, 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ்கள் போகின்றன. லென்ஸ் உண்மையிலேயே மேலானதா என்பதையும் நம்பிக்கைக்கு விடவில்லை. 3,400 நோயாளிகளைக் கொண்டு மதுரையில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 1998-ல் வெளியாகி, லென்ஸ் வைத்தவர்களுக்குப் பார்வையும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டிருப்பதைக் காட்டியது.

ஒரு மருத்துவமனை எதற்குத் தொழிற்சாலை நடத்த வேண்டும்? ‘நமக்குத் தெரிந்த தொழிலை மட்டும் செய்’ என்று எல்லா மேலாண்மை ஆலோசகர்களும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு இலக்கை மறித்து நின்றது லென்ஸின் விலை. அதை வேறு யாரும் குறைக்கத் தயாராக இல்லை.

டார்கெட் திரும்பிக் கடிக்கும்போது

இதற்கு நேரெதிரான கதை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு வங்கிச் சேவைகளையாவது விற்றுவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கனவு. வாடிக்கையாளருக்கு நம்மீது நம்பிக்கை வளர்ந்தால் அவர் மேலும் மேலும் நம்மிடமே வருவார் என்பதுதான் அதன் அடிப்படை, அதில் தவறில்லை. ஆனால் கிளைகளுக்கு இறங்கி வந்தபோது நம்பிக்கை காணாமல்போய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. தினசரி டார்கெட் எட்டாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விவகாரம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையிழந்திருந்தார்கள். அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் லட்சக்கணக்கில் இருந்தன.

தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் அடிமட்ட ஊழியர்கள் என்பது என்னை உறுத்துகிறது. எண்ணை நிர்ணயித்தவர்கள் மேலே இருந்தவர்கள். அந்த எண் பொய்யாகிவிட்டதா என்று சொல்லும் இரண்டாவது கணக்கை, எத்தனை கணக்குகள் உண்மையில் பயன்பாட்டில் இருக்கின்றன என்ற கணக்கை, முதல் எண்ணுக்குச் சமமாக மேசையில் வைக்காதவர்களும் அவர்கள்தான். டார்கெட் கொடுக்கும் ஒவ்வொருவரும், என் ஆள் இந்த எண்ணை எந்தெந்தக் குறுக்குவழியில் எட்ட முடியும் என்று தானே ஒருமுறை யோசித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். அதை அந்த ஆளின் நேர்மையிடம் தள்ளிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

நம் மேசைக்கு வந்தால்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஷிப்மெண்ட் தாமதம்தான் பிரச்சினை. அடுத்த மாதத்துக்கான டார்கெட்டுகள் இறங்குகின்றன: கட்டிங் பத்து சதவீதம் கூட வேண்டும், தையல் பத்து சதவீதம், செக்கிங்கில் ரிஜெக்‌ஷன் குறைய வேண்டும், பேக்கிங் ஒரு நாள் முன்னதாக முடிய வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் துணி சாயப்பட்டறையிலிருந்து வரும் நாள்தான் தள்ளிப்போகிறது என்றால், இந்த டார்கெட்டுகளில் எதை எட்டினாலும் ஷிப்மெண்ட் ஒரு நாள்கூட முந்தாது. கட்டிங் மேஸ்திரி ஊக்கத்தொகை வாங்குவார், கப்பல் போய்விடும். அந்த மாதம் மெர்ச்சண்டைசரில் ஒருவரைச் சாயப்பட்டறையிலேயே உட்காரவைப்பதும், நிறத்துக்கான ஒப்புதலை ஒரு வாரம் முன்னதாக வாங்குவதும்தான் முதல் வேலை. அது சரியானதும் தடை தையலுக்கு நகரலாம். அப்போது தையலைப் பார்க்க வேண்டும்.

இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் ‘தி கோல்’ என்ற நாவலில் ஒரு தொழிற்சாலையை வைத்து இதையே விளக்கினார். ஓர் அமைப்பின் மொத்த வேகத்தை அதன் ஒரே ஓர் இடுக்கு தீர்மானிக்கிறது. மற்ற இடங்களில் காட்டும் வேகம் சரக்கைக் குவிக்கத்தான் உதவும். மதுரையில் அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே அதன்படி வேலை நடந்துகொண்டிருந்தது.

இதில் கஷ்டமான பகுதி கண்டுபிடிப்பது அல்ல. ‘இந்த மூன்று மாதம் உங்கள் பிரிவு முதலிடத்தில் இல்லை’ என்று ஒரு நல்ல சக ஊழியரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பெரும்பாலான டார்கெட் பட்டியல்கள் பன்னிரண்டு வரிகளாக நீள்வதற்குக் காரணம் திட்டமிடல் குறையில்லை. யாருடைய மனமும் நோகக் கூடாது என்ற தயக்கம்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி கொடுத்து அனுப்பிவிட்டால் மீட்டிங் சுமுகமாக முடியும். எது முதலில் என்ற முடிவு அதன் பிறகு கீழே இருப்பவர்களின் தலையில் விழுகிறது. எந்த அதிகாரி அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருடைய வேலையை அவர்கள் முதலில் செய்வார்கள். தேர்வு செய்ய மறுக்கும் மேலாளர் தன் சம்பளத்துக்கான வேலையைத் தன் உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்லிவிட்டால் மனம் நோவது பாதி குறையும். லென்ஸ் இல்லாமல் கண்ணாடியோடு அனுப்பியவர் அது உடைந்ததும் மறுபடி பார்வையிழக்கிறார் என்று தெரிந்த எவருக்கும், பணம் ஏன் ஆரோலேப்புக்குப் போகிறது என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

போட்டியாளருக்குப் பயிற்சி

இலக்கு சரியாக அமைந்தால், சில முடிவுகள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். 1992-ல் அரிமா சங்கத்தோடு சேர்ந்து அரவிந்த் ஒரு பயிற்சி நிறுவனத்தை அமைத்தது. நிர்வாகத்தை வடிவமைத்த துளசிராஜின் பொறுப்பில் வளர்ந்த அது, மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறை முழுவதையும் கற்றுக்கொடுக்கிறது: எத்தனை செவிலியர், எந்த வரிசை, எவ்வளவு கட்டணம், கணக்கை எப்படி எழுதுவது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் சில நூறு மருத்துவமனைகள் பயன்பெற்றிருக்கின்றன. சந்தைப் பங்கை இலக்காக வைத்த எந்த நிறுவனமும் இதைச் செய்யாது. பார்வையிழப்பு இலக்காக இருக்கும்போது, பக்கத்து மருத்துவமனை ஒரு பாட்டிக்குப் பார்வை கொடுத்தால் அதுவும் தன் கணக்கில்தான் சேரும்.

டாக்டர் வி 2006 ஜூலையில் மறைந்தார். அதற்குள்ளேயே அடுத்த தடை தெரிந்துவிட்டிருந்தது. எப்போதாவது ஒருமுறை ஊருக்கு வரும் முகாமால் எல்லோரையும் எட்ட முடியாது. 2004 முதல் சிற்றூர்களில் சிறு கண் பராமரிப்பு மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் பரிசோதிப்பார், மருத்துவர் மதுரையிலோ தேனியிலோ இருந்து திரையில் பார்த்து ஆலோசனை சொல்வார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

இப்போது முன்னால் நிற்பது சர்க்கரை நோய். விழித்திரையை அது அரிக்கும்போது நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. படம் எடுக்கக் கேமரா இருக்கிறது, எடுக்க ஆளும் இருக்கிறார். எடுத்த லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துச் சொல்ல விழித்திரை நிபுணர்கள் போதவில்லை. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட, கணினியே விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரைப் பாதிப்பைக் கண்டறியும் ஆய்வில் அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் பயன்பட்டன. மருத்துவரின் நிமிடங்களைப் பிரித்தெடுக்கும் அதே வேலை, இந்த முறை கண்ணைப் பார்த்து முடிவு சொல்லும் இடத்தில் நடக்கிறது. கணினி ‘பாதிப்பு இருக்கிறது’ என்று சொன்ன பிறகு அந்த நோயாளியைச் சிகிச்சைக்கு வரவைத்தாக வேண்டும். வலியில்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவரை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது என்பதற்கு 90 கிராமங்களில் கண்ட விடை போதாது. புதிதாகத் தேட வேண்டும்.